தமிழ் எழுத்தின் இடப்பெயர்வுகள்

நூலொன்றின் வரலாற்றைக் கூறப் புகுவோர் அதனை இயற்றியவர் யார், அவர் காலம் யாது, ஊர் யாது என்பவற்றையே முதற்கண் வினாவுவர். அந்நூல் ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் பெயர்ந்த வழியில் அதன் எழுத்துக்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. எழுத்து என்றும் ஒன்றே, அதனைத் தாங்கும் பொருள் மட்டுமே மாறுகின்றது என நாம் கருதிவிடுகின்றோம். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதைச் சில ஆண்டுகளின் முன், ஒரு கல்லூரியின் இணையத்தளம் ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு மாற்றப்பட்டபோது யான் நேரிற் கண்டேன். அக்கல்லூரியின் பெயர் இங்கு வேண்டா. ஆயின் அங்கே கண்ட சிதைவுகளுட் பல எனக்குப் புதியனவாகத் தோன்றவில்லை. வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த நாளில், ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் தாம் உற்ற இடர்களைப்பற்றி எழுதியவற்றைப் படித்திருந்தேன். அங்கே கண்ட அதே இடர்களை இங்கே கணினித் திரையிற் கண்டேன். இவ்வொற்றுமை எவ்வாறு வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனையோலை நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. செல்லும் ஈரமும் வெப்பமும் சில நூற்றாண்டுகளுக்குள் அதனை அழித்துவிடும். ஆகவே ஒரு நூல் வாழவேண்டுமாயின், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டேயிருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதுவோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எழுத்தாணியாற் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சினர் என்பது பொதுவாகக் கூறப்படுங் காரணம். மெய்யெழுத்துக்களும், எகர ஒகரமாகிய குற்றெழுத்துக்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. புள்ளி நீங்கவே, மெய்யும் உயிர்மெய்யும் ஒரு வடிவாயின. குறிலும் நெடிலும் ஒரு வடிவாயின. கொடி என்பதற்கும் கோடி என்பதற்கும் ஏட்டில் வேற்றுமை இல்லை. அன்றியும், ஆகாரத்தைக் காட்டுங் காலும் ரகரமும் ஒரே கோடாக எழுதப்பட்டன. ஒருவன் கண்டு அஞ்சியது நாகத்தையா, நரகத்தையா என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

எழுதினவர்களுக்கு இவை இடராகத் தோன்றியிருக்க மாட்டா. ஆசிரியனிடம் பாடங் கேட்டு, நூலை நெஞ்சிற் கொண்டவனுக்கு ஏடு ஒரு நினைவூட்டி மட்டுமே. எழுத்திற் குறைந்ததை அவன் மனம் நிரப்பிக்கொண்டது. பாடங் கேட்கும் மரபு அறுந்தபின், ஏடு மட்டும் எஞ்சியபோதே இடர் தலைதூக்கிற்று. நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டதும் அதே 1887ஆம் ஆண்டிலேதான். இவ்விருவரும் எடுத்த ஏடு ஒவ்வொன்றிலும், இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா, காலா ரகரமா என்று எழுத்துத் தோறும் வழக்குத் தீர்க்க வேண்டியவராயினர். அவர்கள் தீர்த்த தீர்ப்பின் பயனையே நாம் இன்று எளிதாகப் படித்துக்கொண்டிருக்கின்றோம்.

அச்சுக்கு எழுத்துப் பெயர்ந்த வரலாறு பலர் எழுதியதொன்றாகலின் அதனை இங்கு விரிக்கவில்லை. 1554இல் இலிசுபன் நகரில் அச்சான சிறுநூலில் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்திலேயே இடம்பெற்றன. தமிழெழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தினார். அவ்வேறுபாடு அச்சில் நிலைபெற்றது. உலோக அச்சுக்குப் புள்ளியிட அச்சமில்லை, தாள் பொத்துப்போவதில்லை. வண்ணார்பண்ணையில் ஆறுமுகநாவலர் நிறுவிய அச்சியந்திரசாலையிலிருந்து வெளிவந்த நூல்களைத் திறந்து பார்ப்போர், புள்ளியுங் கொம்பும் எத்துணைக் கவனத்தோடு இடப்பட்டுள்ளன என்பதைக் காண்பர். ஏட்டின் மயக்கங்கள் மூன்றும் தீர்ந்துவிட்டன என்று 1900ஆம் ஆண்டில் ஒருவர் கூறியிருப்பின், அக்கூற்றை மறுத்திருத்தல் இயலாது.

அவை மீண்டும் வந்த வழியைக் காண்போம்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எவ்வெழுத்துக்கு எவ்வெண் என்பதை ஓர் அட்டவணை வகுத்துச் சொல்லவேண்டும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் அட்டவணையில் 128 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்துக்களும் எண்களும் நிறுத்தக் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. 1990களில் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழை அச்சிட விரும்பியோர் இதற்கு ஓர் உபாயங் கண்டனர். எண்ணை ஆங்கிலத்துக்குரியதாகவே விட்டுவிட்டு, அவ்வெண்ணுக்குரிய படத்தை மட்டும் தமிழாக மாற்றினர். நம்மிடையே பெருவழக்காய் இருந்த பாமினி எழுத்துரு இவ்வகையினது. அதிலே 'தமிழ்' என்னுஞ் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துக்களும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருந்தது. மேலே போர்த்த எழுத்துரு என்னும் போர்வையை நீக்கினால் தமிழ் அங்கே இல்லை. இலிசுபனில் உரோம எழுத்தில் அச்சான தமிழை ஒருவன் வாய்விட்டுப் படித்தாலாவது தமிழ் கேட்கும். இதைப் படித்தால் எம்மொழியும் கேளாது.

இவ்வுபாயத்தை இகழ்ந்து பேசுதல் எனக்கு உடன்பாடன்று. போரும் இடப்பெயர்வும் மலிந்த காலத்தில் எத்தனையோ மலர்களும் செய்தித்தாள்களும் இதனால் வெளிவந்தன. என் பட்டப்படிப்புக் குறிப்புகளும் பாமினியிலேயே உள்ளன. ஆயின் தாளில் அச்சிடும்வரை வெளிப்படாத குறை, எழுத்து ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குப் பெயர்ந்தபோது வெளிப்பட்டது. அது படத்தைக் காத்ததேயன்றி எழுத்தைக் காக்கவில்லை.

முதலாவதாகக் காலையும் ரகரத்தையும் எடுத்துக்கொள்வோம். 'ரி' என்னும் எழுத்தைப் பழைய அச்சில் ரகரத்தின் அடிக்கோடு இல்லாமலே அமைப்பது வழக்கம். பாமினியில் தட்டச்சுச் செய்தோர் அவ்வழகிய வடிவத்தைப் பெறுதற்காக, ரகர விசையை விடுத்துக் கால் விசையை அழுத்தி, அதன்மேல் இகர விசிறியை இட்டனர். தாளிற் பார்த்தவர் எவரும் குறை காணவில்லை. அவ்வெழுத்துக்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டபோது, மாற்றிய மென்பொருள் காலைக் காலாகவே மாற்றிற்று. 'கல்லூரி' என்பது 'கல்லூாி' ஆயிற்று. கண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் கல்லூரி என்று தேடினால் அப்பக்கம் அகப்படாது. யான் குறிப்பிட்ட அத்தளத்தில், கல்லூரி வரலாறு என்னும் பக்கத்திலேயே கல்லூரி என்னுஞ் சொல் ஓரிடத்தும் இல்லை என்று கணினி கூறிற்று! சாமிநாதையர் ஏட்டிலே கண்ட கால்–ரகர மயக்கம் இதுவேயன்றி வேறன்று.

இரண்டாவது மயக்கம் கொம்பைப் பற்றியது. ஔகார உயிர்மெய்யை எழுதும்போது முன்னே ஒரு கொம்பும் பின்னே ளகரம்போன்றதொரு குறியும் இடுகின்றோம். பாமினியில் அக்குறிக்கெனத் தனியிடமில்லை, ளகரத்தையே இட்டனர். ஆகவே 'வௌவால்' என்பதன் முதலெழுத்தும் 'வெளி' என்பதன் தொடக்கமும் அவ்வெழுத்துருவில் ஒரே எண் வரிசையாய் அமைந்தன. மாற்று மென்பொருளுக்குச் சொற்பொருள் தெரியாது. கொம்பு, வகரம், ளகரம் என்று கண்டவுடன் அது ஔகாரமெனத் துணிந்து, மிகுந்த இகரத்தை வெறுமனே ஒட்டிவிடும். 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்றும், 'வெளிநாடு' என்பது 'வௌிநாடு' என்றும் நம் நாட்டு இணையச் செய்திகளில் இன்றும் திரிவதைக் காணலாம். மறுதலையாக, கௌரவத்தைக் 'கெளரவம்' ஆக்கினோரும் உளர். கெளிறு என்னும் மீனின் பெயர் இம்மாற்றத்தில் என்னாகும் என்பதை மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம்.

இவற்றினும் விந்தையானதொன்றுண்டு. பாமினியில் ஈகாரத்துக்குரிய இடம், கணிதத்திலே 'சிறியது' என்பதைக் காட்டுங் குறியின் இடமாகும். காற்புள்ளிக்குரிய இடம் 'பெரியது' என்னுங் குறியின் இடமாகும். இணையப் பக்கங்களின் மொழியிலோ இவ்விரு குறிகளுக்கும் வேறு தொழில் உண்டு. முதற்குறி ஒரு கட்டளையின் தொடக்கத்தையும், இரண்டாவது குறி அக்கட்டளையின் முடிவையும் காட்டும். இடைப்பட்டது கட்டளையே எனக் கருதி உலாவி அதனைத் திரையிற் காட்டாது. இக்குறிகளை மறைத்து எழுதுதற்கு முறையுண்டு. கவனமாக அமைத்த பக்கங்களில் அவ்வாறே எழுதினர். அமைப்பு மாற்றத்தின்போது அம்மறைப்பை நீக்கிப் பின் கட்டளைகளைக் களையும் மென்பொருளை ஓடவிட்டால் நேர்வது யாது? ஈகாரத்தில் தொடங்கி அடுத்த காற்புள்ளிவரை உள்ள யாவும் ஒழிந்துபோம். ஈழம் என்னுஞ் சொல்லும், 1930இல் தொடங்கிய ஈழகேசரி என்னும் இதழின் பெயரும், ஈசன் திருப்பெயரும் இவ்வாறே மறையும். மரண அறிவித்தல்களில் 'ஈமக்கிரியைகள்' என்று தொடங்கி நாளும் நேரமும் இடமுங் கூறி, 'நடைபெற்று,' என்று நிறுத்தும் வழக்கு நம்மிடையே உண்டல்லவா? அத்தளத்தின் நினைவுப் பக்கங்களில் இப்பகுதி முழுவதும் இல்லாமல், தகனத்துக்குப் பூதவுடல் எடுத்துச் செல்லப்பட்ட செய்தி மட்டும் நின்றது. ஏட்டைச் செல் அரித்தால் அரித்த இடம் துளையாகவாவது தெரியும். இங்கே சொற்கள் நெருங்கி நின்று துளையையும் மறைத்துவிட்டன.

இனிப் புள்ளிக்கு வருவோம். உலகத்து எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளியாயிற்று. தமிழுக்கும் அதில் இடங் கிடைத்தது. 'க்' என்பதைக் ககரமும் புள்ளியுமாகிய இரண்டு எண்களாற் குறிப்பது அதன் முறை. மெய்யோடு அகரஞ் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று கற்பிக்கும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆயினும் ஏட்டெழுத்தின் வழக்கும் ஏறத்தாழ இதுவே. புள்ளி போனால் 'க்' ககரமாகிவிடும்.

இவ்வெண்களைக் கணினியிற் சேமித்தற்குக் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் 1992இல் யூ.டி.எவ்.-8 என்னும் முறையை வகுத்தனர். அம்முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்றும், தமிழெழுத்தொன்றுக்கு மூன்று பைற்றுக்களும் வேண்டும். 'தமிழ்' என்னுஞ் சொல் பதினைந்து பைற்றுக்களாகும். ஒவ்வொரு மூன்றனுள்ளும் முதலாவது 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதே எழுத்தை வேறுபடுத்துவது. இப்பைற்றுக்களை, மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென அமைந்த பழைய அட்டவணையைக் கொண்டு ஒரு மென்பொருள் படிக்குமாயின், திரையெங்கும் தலையிற் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' என்னும் வணிகப் பதிவுக் குறியும் மாறிமாறித் தோன்றும். இதனைக் கண்டு தமிழ் அழிந்துவிட்டதென அஞ்சினோர் பலர். உண்மையில் எண்கள் சிதையவில்லை. படிக்குங் கண்ணாடியே மாறிற்று. அட்டவணையைத் திருத்தினால் எழுத்து மீளும்.

மீளாத இடமும் உண்டு. விண்டோஸ் கணினிகளில் வழங்கிய 1252 என்னும் ஐரோப்பிய அட்டவணையின் 256 இடங்களுள் ஐந்து இடங்கள் வெற்றிடங்கள்: 129, 141, 143, 144, 157. இவற்றுள் 157ஐ மூன்றாவது பைற்றாக உடைய தமிழெழுத்து எதுவும் இல்லை. ஏனைய நான்கும் உள. 143 ஏகாரத்தின் மூன்றாவது பைற்று, 144 ஐகாரத்தினது, 129 உயிர்மெய்யில் வரும் உகரக் குறியினது, 141 புள்ளியினது. சில மென்பொருள்கள் வெற்றிடத்தைத் தொடாமலே கடத்திவிடும். வேறு சில, இவ்விடத்தில் எழுத்தெதுவும் இல்லை எனக் கொண்டு அப்பைற்றைக் கைவிடும். அத்தகைய மென்பொருளின் வழியாகப் பெயர்ந்த தமிழில் ஏனைய எழுத்துக்கள் பெரும்பாலும் நிற்க, புள்ளியும் உகரக் குறியும் நின்ற இடங்கள் சிதைந்துபோகும். இவ்விரண்டும் இல்லாத தமிழ்த் தொடரைக் காண்பதரிது. ஓலை பொத்துப்போகும் என்றஞ்சி ஏடெழுதினோர் விட்ட அதே புள்ளியை, ஐரோப்பியர் தம் அட்டவணையில் தற்செயலாக வெறுமையாக விட்ட ஓரிடம் விழுங்கியதை முதன்முதல் கணக்கிட்டு அறிந்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. வரலாறு திரும்ப நிகழ்கின்றது என்னும் வாசகத்தை யான் மாணவருக்குச் சொல்வதில்லை. அன்று மட்டும் சொல்லத் தோன்றிற்று.

ஸகரத்தோடு 'ஸ்ரீ' எழுதும் வழக்குக்கும் இதுபோன்றதொரு கதை உண்டு. ஒருங்குறியின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்டபின், 'ஸ்ரீ' என்னும் ஒரே வடிவத்தை இருவகை எண் வரிசைகளால் எழுதும் நிலை வந்தது. ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் நம்மவரிடையே பலவாதலின், மாணவர் இடாப்பில் ஒருவரைத் தேடினால் கிடையாமையும், அவர் இடாப்பில் இருத்தலும் ஒருங்கே நிகழ்வதுண்டு.

இனி அத்தளத்துக்கு மீள்வோம். அதில் இருவகைத் தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. முற்பட்டவை பாமினியில் அமைந்தவை. பிற்பட்டவை ஒருங்குறியில் அமைந்தவை. பின்னதே நெறிப்பட்ட முறையாகலின் அதுவே பிழைக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்தது மறுதலையாயிற்று. புதிய அமைப்பின் தரவுத்தளத்தில் எழுத்து அட்டவணை எதுவென ஒருவரும் குறிப்பிடவில்லை. பரவலாக வழங்கும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறொன்றைக் குறிப்பிடாவிடின் லத்தீன் 1 என்னும் ஐரோப்பிய அட்டவணையும் சுவீடிய மொழியின் அகரவரிசையும் தாமாகவே அமைந்துவிடும். அம்மென்பொருள் சுவீடனிற் பிறந்தமையே அதற்குக் காரணம். அவ்வட்டவணையில் தமிழெழுத்து எதற்கும் இடமில்லை. இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒவ்வொரு வினாக்குறி இடப்பட்டது. வினாக்குறியின் எண் 63. ககரமும் 63 ஆயிற்று, புள்ளியும் 63 ஆயிற்று. எது எதுவாயிருந்ததென எந்த மென்பொருளாலும் இனிக் கூற இயலாது. பாமினிப் பக்கங்களோ ஆங்கில வேடம் பூண்டிருந்தமையால் எவ்விதத் தடையுமின்றிக் கடந்து வந்தன. அவை திரையிற் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தோன்றினும், ஈகாரத் தொடர்கள் ஒழிந்தவை போக, எஞ்சியவற்றை மீட்க முடிந்தது.

பணியை ஏற்றோர் ஆங்கிலப் பக்கங்களைத் திறந்து பார்த்துச் சரியென்று கண்டனர். தமிழ்ப் பக்கங்களை எவரும் பார்க்கவில்லை. பழைய தரவுகளை அழித்த பின்னரே குறை வெளிப்பட்டது. ஏடெழுதினோர் நூலின் இறுதியில் ஆண்டும் நாளும் எழுதினவர் பெயரும் குறித்து வைப்பதுண்டு. அக்குறிப்பால் ஏட்டின் வரலாறு விளங்கும். அத்தளத்தை முதலில் அமைத்தவர், இன்ன பக்கம் இன்ன எழுத்து முறையில் அமைந்தது என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பின், மாற்றியவர் அதனைக் கண்டு அட்டவணையைக் குறிப்பிட்டிருப்பர். பழைய படியொன்றை வேறொரு பேழையில் வைத்திருப்பினும் போதும். இவ்விரண்டும் செய்யப்படவில்லை.

இழந்த பக்கங்களுள் ஒன்று, அக்கல்லூரியிற் கணிதம் கற்பித்து மறைந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. அவர் மாணாக்கர் ஒருவர் எழுதிய நினைவுரை அது. எழுதியவரும் இன்று இல்லை. அச்சில் அது வந்ததில்லை. பக்கத்தில் எஞ்சியவை பிறந்த ஆண்டும், இறந்த ஆண்டும், சில எண்களும், சொற்களுக்கிடையே இருந்த வெளிகளும், வரிவரியாக வினாக்குறிகளுமே. அவ்வாசிரியரிடம் கற்ற முதியவர் ஒருவரும் யானும் ஒரு விடுமுறை நாளில் அதன்முன் அமர்ந்தோம். கல்வெட்டில் எழுத்துச் சிதைந்த இடத்தை அளந்து, எத்தனை எழுத்துக்கு இடமுண்டெனக் கணித்து, பொருந்துஞ் சொல்லை ஊகிப்பது சாசன ஆராய்ச்சியாளர் முறை. நாமும் அதனையே கைக்கொண்டோம். ஒருங்குறிக் கணக்கின்படி 'யாழ்ப்பாணம்' பதினொரு வினாக்குறிகள், 'கொழும்பு' எட்டு, 'காலி' நான்கு. முதியவர் தாம் அறிந்தவற்றைச் சொல்ல, யான் எண்ணிப் பார்ப்பேன். ஆசிரியர் பெயரும், அவர் பிறந்த ஊரும், பாடசாலைகள் இரண்டின் பெயர்களும் இவ்வாறு பொருந்தின. மூன்றாவது வரியில், அவர் முதல் நியமனம் பெற்ற ஆண்டினை அடுத்து ஐந்து வினாக்குறிகள் கொண்ட ஒரு சொல் நின்றது. கண்டி என்றார் முதியவர். அங்கே சில காலம் கற்பித்ததாக அவர் கேள்வியுற்றதுண்டு. எண்ணினேன், சரியாக ஐந்து. ஆயின் 'தமிழ்' என்பதும் ஐந்தே. அவர் கண்டிக்குச் சென்றாரா, ஒரு தமிழ்ப் பாடசாலைக்குச் சென்றாரா என்பதை எம்மாலே துணிய முடியவில்லை.